நூற்றொன்று புள்ளி ஆறில் வந்த குரல்

தினேஸ்வரி தான் கேட்டதாகச் சொன்னதைக் குழுவில் ஒருவரும் நம்பவில்லை.

அவள் மலேசியாவில், ஈப்போ நகரில் பள்ளி வேன் ஓட்டுபவள். காலையில் புந்தோங் பிள்ளைகள், மதியத்தில் பூசிங் சாலைப் பிள்ளைகள். கடைசிப் பிள்ளையைச் செங்காட்டுத் தோட்டத்தில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது வேன் காலியாக இருக்கும். தோட்டம் என்று பெயர்தானே தவிர, அங்கே ரப்பர் மரம் ஒன்றுகூடக் கிடையாது. முன்பக்கம் புதிய வீடமைப்பு, பின்பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள். பழைய தண்ணீர்த் தொட்டி நிற்கும் மேட்டைச் சுற்றிச் சாலை வளைகிற இடத்தில், வேன் ரேடியோவில் ஓடிக்கொண்டிருந்த மலாய்ப் பாட்டு திடீரென்று அறுந்தது. கொஞ்சம் இரைச்சல். பிறகு ஓர் ஆண் குரல் நல்ல தமிழில் வானிலை வாசித்தது. "கடற்றொழிலாளர்கள்" என்றது. "மட்டக்களப்பு" என்றது. அவள் பிரேக்கை மிதிப்பதற்குள் வேன் வளைவைத் தாண்டிவிட்டது. மலாய்ப் பாட்டு ஒன்றும் நடக்காததுபோல் மீண்டும் பாட ஆரம்பித்தது. வேனைப் பின்னால் எடுத்துப் பார்த்தாள். அங்கேயும் இப்போது அதே பாட்டுதான்.

வேனை ஓரம் கட்டிவிட்டு அந்த எண்ணிலேயே காத்திருந்தாள். இந்தக் காத்திருப்பு எதற்கு என்று அவளைப் போலவே பைத்தியம் பிடித்தவர்களுக்குத்தான் புரியும்.

அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு வாட்சாப் குழு இருந்தது. எஃப்.எம். வானொலி பக்கத்து மலையைத் தாண்டிப் போகாது என்பார்கள். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் கடல்மேல் காற்று ஒரு மாதிரி படிந்திருக்கும் நாட்களில் அலை வழுக்கிக்கொண்டு வெகுதூரம் போய்விடும். இன்னும் அபூர்வமாக, வானத்தில் மிக உயரத்தில் ஒரு படலம் கண்ணாடிபோல இறுகும். அதில் பட்டுத் திரும்பும் அலை ஒரு கடலையே தாண்டி இறங்கும். அந்த மாதிரி வழி தவறி வரும் நிலையங்களைப் பிடிப்பதுதான் குழுவினரின் பொழுதுபோக்கு. ஞாயிறுதோறும் எல்லாரும் ஒரே எண்ணில் ரேடியோவை வைப்பார்கள். யாருக்கு உள்ளூர் நிலையம் கேட்கிறது, யாருக்குத் தூரத்து நிலையம் கேட்கிறது என்று ஒப்பிடுவார்கள். சில மாதங்களாக அவர்கள் பிடித்துக்கொண்டிருந்த எண் நூற்றொன்று புள்ளி ஆறு.

குழுவை நடத்தியவள் விமலா. தஞ்சோங் மாலிமில் கார்த் தொழிற்சாலையில் வேலை. தொழிற்சாலையில் கதவு சரியாக மூடுகிறதா என்று பார்க்கும் அதே கறாருடன் குழுவையும் பார்ப்பாள். குழுவின் ராஜா என்றால் உடையப்பன்தான். ஹுத்தான் மெலிந்தாங்கில் மீன்பிடிப் படகுகளுக்கு இன்ஜின் பழுது பார்ப்பவர். ஐம்பதைத் தாண்டியவர். அவருடைய பட்டறைக்கு எதிரே தடுப்பே இல்லாமல் கடல். சுமத்ரா நிலையங்கள் அவருக்குப் பக்கத்து வீட்டுச் சத்தம் மாதிரி கேட்கும். வாரம் தவறாமல் அந்தக் கரையின் டங்டுட் பாட்டுகளைப் பதிவு செய்து குழுவில் போட்டுவிட்டு, மலைகளுக்கு நடுவே கிடக்கும் ஈப்போவைச் சீண்டி, "ஈப்போ எப்படி இருக்கு? இன்னும் குழிக்குள்ளதானா?" என்று கேட்பார்.

தினேஸ்வரியின் செய்திக்கு அவர் குரல்பதிவு அனுப்பினார்.

"தங்கச்சி, மட்டக்களப்பு எங்க இருக்கு, பூசிங் எங்க இருக்கு? வேன்ல பிள்ளைங்க யாரோ யூடியூப் போட்டிருக்கும்லா. நீ ரோட்டப் பார்த்து ஓட்டு."

கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள்.

"வேன் காலியா இருந்துச்சு அண்ணே" என்று எழுதினாள்.

"பதிவு இருக்காக்கா?" என்று விமலா கேட்டாள்.

"வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தேன்."

"அப்ப பட்டியல்ல சேர்த்துக்க முடியாதுக்கா. எனக்கு ஒண்ணும் இல்ல, எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்."

அதில் தப்பு ஒன்றும் இல்லை என்று தினேஸ்வரிக்கும் தெரியும். ஆனாலும் அன்று சோறு இறங்கவில்லை. பொய் சொன்னாள் என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அவளுக்கு ஏதோ காதில் கோளாறு என்பதுபோல் அன்பாகச் சிரித்துவிட்டுப் போனதுதான் சுட்டது.

மாலையில் குழுவிலிருந்த ஷாஃபி போனில் கூப்பிட்டான். ஈப்போ பழைய டவுனில் நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவன். அவளைவிடச் சில வயது இளையவன். கடை மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே அவனும் ஓர் ஏரியல் வைத்திருந்தான். அதனால் பயன் எதுவும் இல்லை. கிளேடாங் மலை உச்சியிலிருந்து உள்ளூர் நிலையம் அவன் தலைமேலேயே கொட்டியது.

"அக்கா, நான் நம்புறேன்."

"ஏன்?"

"பொய் சொல்றதா இருந்தா சுமத்ராவுல இருக்கற மேடான்னு சொல்லியிருப்பீங்க. பக்கம், எல்லாரும் நம்புவாங்க. மட்டக்களப்புன்னு யாராச்சும் பொய் சொல்வாங்களா?"

அவள் அன்று முதல் முறையாகச் சிரித்தாள்.

மறுநாள் அவன் கடையில் இருவரும் உட்கார்ந்து யோசித்தார்கள். ஏன் அந்த வளைவில் மட்டும்? ஷாஃபி கைப்பேசியில் நிலப்படத்தை விரித்தான். செங்காட்டுத் தோட்டம் கிளேடாங் மலைக்கு மேற்கே இருந்தது. மலையிலிருந்து இறங்கி வரும் ஒரு குன்று தோட்டத்துக்கும் உச்சியிலிருந்த கோபுரத்துக்கும் நடுவில் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தது. அந்த வளைவில் உள்ளூர் நிலையம் குன்றின் நிழலில் விழுந்து மெலிந்துபோகிறது. மேற்கே மறைக்க ஒன்றும் இல்லை. எஃப்.எம்.மில் ஒரே எண்ணில் இரண்டு நிலையம் வந்தால் பலமானது மற்றதை அப்படியே விழுங்கிவிடும். உள்ளூர் நிலையம் மெலிந்த இடத்தில்தான் தூரத்து நிலையத்துக்கு வாய் திறக்க வாய்ப்பு.

"அந்தத் தொட்டி மேட்டுல ஏறி, ஏரியலோட முதுக கிளேடாங்குக்குக் காட்டி, மூஞ்ச கடலுக்குக் காட்டினோம்னா?" என்றாள் தினேஸ்வரி.

"இன்னும் மெலிஞ்சிடும்" என்றான் ஷாஃபி. "போலாம்கா."

ஏரியலை அவளே செய்தாள். திரைச்சீலைக் குழாய்களை அறுத்து, மீன்முள் மாதிரி வரிசையாக ஒரு நீளக் குழாயில் முடுக்கினாள். அவள் கணவன் தேவன் வேலையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "வீட்டு ஜன்னல்ல திரை இல்ல, நீ வானத்துக்குத் திரை போடுறியா?" என்றான். சொல்லிவிட்டு அறுத்த நுனிகள் கையைக் கிழிக்காமல் இருக்க அவனே உட்கார்ந்து அரம் போட்டுக் கொடுத்தான்.

மேட்டுக்குப் போகும் மண்பாதையில் செம்பனை நிறுவனத்தின் கேட் ஒன்று இருந்தது. காவல் பார்த்த மாயாண்டி முதலில் முடியாது என்றார். ஏரியலைப் பார்த்ததும் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது.

"இது என்னம்மா, வெடி கிடி இல்லியே?"

"ரேடியோ கேக்கறதுக்கு அண்ணே."

"ரேடியோ கேக்க மலை ஏறணுமா? என் போன்லயே கேக்குதே!"

அவருடைய மகள் தினேஸ்வரியின் வேனில்தான் பள்ளிக்குப் போகிறாள் என்பது பேச்சில் தெரிந்த பிறகு கேட் திறந்தது. அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அவரும் வந்து பக்கத்துக் கல்லில் உட்கார்ந்துகொள்வார். என்னதான் கேட்கப் போகிறது என்று பார்க்கும் ஆசை.

ஒன்றும் கேட்கவில்லை. ஒரு ஞாயிறு மழை. ஒரு ஞாயிறு இரைச்சல். இன்னொரு ஞாயிறு சுமத்ராவின் டங்டுட் பாட்டு பளிச்சென்று வந்தது. ஷாஃபி துள்ளினான். அதைப் பதிந்து போட்டபோது உடையப்பன், "சபாஷ், ஈப்போவும் கடலோரம் வந்துடுச்சு! இதத்தான் நான் தினமும் பல் விளக்கும்போது கேக்குறேன்" என்றார். மட்டக்களப்பைப் பற்றி அவர் மறக்காமல் விசாரிப்பதும் வழக்கமானது. "தங்கச்சி, உன் சொந்தக்காரங்க சிலோன்ல இருந்து வந்துட்டாங்களா?"

"வுடுங்கக்கா" என்பான் ஷாஃபி.

"வுட மாட்டேன்" என்பாள் தினேஸ்வரி. "நான் கேட்டேன் ஷாஃபி. என் காதால கேட்டேன்."

அதற்குப் பிறகு வந்த ஒரு ஞாயிறு வெயில் காலையிலேயே சுள்ளென்று அடித்தது. காற்றே இல்லை. ஷாஃபி கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்திருந்தான். மதியக் கூட்டம் தொடங்குவதற்குள் திரும்பிவிட வேண்டும். வேனின் பின்கதவைத் திறந்து வைத்து, பெட்டி ரேடியோவை அதன் தரையில் வைத்து, ஏரியல் கம்பத்தைத் தொட்டிச் சுவரில் சாய்த்துக் கட்டினார்கள். நூற்றொன்று புள்ளி ஆறு. ஏரியலைத் தெற்கே திருப்பினால் டங்டுட். கிழக்கே திருப்பினால் ஈப்போ. மேற்கே திருப்பினால் வெறும் இரைச்சல். தினேஸ்வரி மேற்கிலேயே விட்டாள்.

நாசி லெமாக் பொட்டலம் தீர்ந்தது. மாயாண்டி இரண்டு தடவை கேட்டுக்குப் போய்வந்தார். ஷாஃபி மணி பார்த்தான்.

"அக்கா, நான் கிளம்பட்டா? தம்பி திட்டுவான்."

"போய்ட்டு வா."

அவன் செருப்பை மாட்டும்போது இரைச்சல் மாறியது. அது நின்றுவிடவில்லை, கனமான துணி ஒன்றை யாரோ மேலிருந்து இழுத்து எடுப்பதுபோல் மெல்ல மெல்ல விலகியது. அடியிலிருந்து நாதஸ்வரம் மாதிரி ஏதோ ஒன்று எழுந்தது. அது ஒரு விளம்பர இசை. அது முடிந்ததும் ஒரு பெண் குரல், பக்கத்தில் நின்று பேசுவதுபோல, மூச்சு வாங்குவதுகூடத் தெரியும்படி:

"வாவிக்கரை எஃப்.எம்., நூற்றொன்று தசம் ஆறு. உங்களோட இருக்கிறது நவமணி. பிறந்தநாள் வாழ்த்துகள் இன்னும் நிறைய இருக்கு, நேயர்களே..."

ஷாஃபி ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்றான்.

"பதிவு பண்ணு!" என்று தினேஸ்வரி கத்தினாள்.

அவன் கைப்பேசியை ரேடியோவுக்கு முன்னால் நீட்டினான். களுவாஞ்சிக்குடியில் யாருக்கோ பிறந்தநாள். காத்தான்குடியில் யாருக்கோ திருமண நாள். பெயர்கள் ஒவ்வொன்றாக அந்தச் செம்பனை மேட்டில் வந்து இறங்கின. மாயாண்டி எழுந்து நின்றுவிட்டார். "யாரும்மா இது? எந்த ஊரு?" என்றார். "மட்டக்களப்புண்ணே! மட்டக்களப்பு!" என்றாள் தினேஸ்வரி.

பதிவு குழுவுக்குப் போனது. ஞாயிறு ஆனதால் எல்லாரும் ரேடியோவோடு இருந்தார்கள். முதலில் வந்தது உடையப்பனின் குரல்தான்.

"நல்லா இருக்கு. ஆனா தங்கச்சி, இது இன்டர்நெட்ல எடுத்ததா ரேடியோவுல எடுத்ததான்னு யாரு சொல்றது? அந்த ஸ்டேஷன் ஆன்லைன்லயும் ஓடுது. இப்பத்தான் பார்த்தேன். எனக்கு இங்க சுமத்ராதான் கேக்குது. கடலோரம் இருக்கற எனக்கே வராதது உனக்கு எப்படி வரும்?"

"உங்க ஏரியல் சுமத்ராவத்தானே பார்க்குது! கொஞ்சம் வடக்க திருப்புங்கண்ணே" என்று ஷாஃபி பதிலுக்குக் கத்தினான்.

"அது துருப்பிடிச்சு நிக்குது. திருப்பினா ஒடஞ்சிடும்."

விமலா எழுதினாள்: "அக்கா, எனக்கு நம்பணும்னு ஆசையா இருக்கு. ஆனா அண்ணே கேக்கறதும் பெத்துல்தான், நியாயம்தான். வேற ஏதாச்சும் வழி இருக்கா?"

ரேடியோவில் நவமணி தொலைபேசி எண்ணைச் சொன்னாள். உங்கள் அன்புக்குரியவர்களுக்கு வாழ்த்துச் சொல்ல எங்களை அழையுங்கள் என்றாள்.

தினேஸ்வரி ஷாஃபியைப் பார்த்தாள். ஷாஃபி அவளைப் பார்த்தான்.

"கூப்பிடுறேன்" என்றாள்.

"சிலோனுக்கா?"

"வழி இருக்கான்னு விமலா கேட்டாளே. இதுதான் வழி. நான் போன்ல பேசினா என் குரல் அங்க ரேடியோவுல வரும். அந்த ரேடியோ இங்க கேக்குது."

முதலில் அழைப்பு போகவே இல்லை. அடுத்து வேறு யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பேசுவது ரேடியோவிலேயே கேட்டது. அந்த அம்மா பேச்சை முடிப்பதாகத் தெரியவில்லை. அலை எப்போது வேண்டுமானாலும் போய்விடும். தினேஸ்வரி கம்பத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் திரும்பத் திரும்ப அழுத்தினாள். இணைப்பு கிடைத்தது. ஓர் இளைஞன் பெயரும் ஊரும் கேட்டான். தன் மாநிலம் "பேராக்" என்றதும், "எந்தப் பக்கம் அது, அக்கரைப்பற்றுக்கு அங்கால?" என்றான். அவள் விளக்குவதற்குள் இணைப்பை மாற்றிவிட்டான்.

"வணக்கம், வாவிக்கரை எஃப்.எம். யார் கதைக்கிறீங்க?"

அந்தக் கேள்வி கைப்பேசியிலும் வந்தது. ஒரு நொடி முன்னால் ரேடியோவிலும் வந்தது.

"வணக்கங்க. நான் தினேஸ்வரி பேசுறேன்." வேனுக்குள்ளிருந்து அவளுடைய குரலே சற்றுப் பிந்தி, "நான் தினேஸ்வரி பேசுறேன்" என்றது. அவள் வேனைத் திரும்பிப் பார்த்தாள்.

"தினேஸ்வரி, உங்கட வானொலிச் சத்தத்தக் கொஞ்சம் குறைச்சு வைங்க. திரும்பிக் கேக்குது."

"குறைக்க முடியாதுங்க" என்றாள். "அதுக்காகத்தான் கூப்பிட்டேன். நான் மலேசியாவுல இருந்து பேசுறேன். ஈப்போ பக்கம், பூசிங். உங்க ஸ்டேஷன் எனக்கு இங்க ரேடியோவுல கேக்குது."

நவமணி அதை நம்பவில்லை.

"இணையத்தில கேக்கிறீங்க, என்ன?"

"இல்லங்க. சாதா எஃப்.எம். ரேடியோ. நானே செஞ்ச ஏரியல். கடலத் தாண்டி வருது உங்க குரல்."

"மலேசியாவில..." நவமணி சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "பொறுங்க, பொறுங்க. இண்டைக்குக் காலையில இருந்து கல்லடிப் பக்கத்து நேயர்கள் முறைப்பாடு சொல்றாங்க. எங்கட நிலையத்துக்குக் குறுக்க மலாய்ப் பாட்டு விழுதாம். நாங்க இயந்திரக் கோளாறு எண்டு நினைச்சம்!"

ஷாஃபி தலையில் கை வைத்துக்கொண்டான். ஈப்போவின் உள்ளூர் நிலையமும் அதே நேரத்தில் அதே எண்ணில் அங்கே போய் இறங்கிக்கொண்டிருந்தது.

"அப்ப ஒரு சோதனை" என்றாள் நவமணி. அவள் குரலில் இப்போது சின்னப் பிள்ளையின் உற்சாகம். "தொலைபேசியில உங்களுக்கு என்ர சத்தம் வராம நிறுத்தப் போறன். வானொலியில மட்டும் ஒரு சொல் சொல்லுவன். உடனே நீங்க திருப்பிச் சொல்லணும். இணையத்தில எங்கட சத்தம் அரை நிமிசம் பிந்தித்தான் போகும். உடனே சொன்னா, வானத்தால கேட்டீங்க எண்டுதான் அர்த்தம். சரியா?"

"சரிங்க."

கைப்பேசி அமைதியானது. அந்த நேரம் பார்த்து ரேடியோவில் டங்டுட் தாளம் எழுந்தது. சுமத்ரா. நவமணியின் குரல் மேளத்துக்கு அடியில் மூழ்கியது.

"ஐயோ, போச்சு!" என்றான் ஷாஃபி.

தினேஸ்வரி கைப்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கினாள். கட்டியிருந்த கயிற்றை உருவி, கம்பத்தைத் தூக்கி, இரண்டு கையாலும் வடக்குப் பக்கம் கொஞ்சமே கொஞ்சம் திருப்பினாள். தாளம் தடுமாறியது. இன்னும் ஒரு விரல் அளவு. தாளம் அறுந்தது.

"...இன்னொருக்காச் சொல்றன், சிங்கிறால்."

அந்தச் சொல்லை அவள் வாழ்க்கையில் கேட்டதில்லை. அது ஊரா, பேரா, பூவா என்றுகூடத் தெரியாது. கேட்டதை அப்படியே கைப்பேசியில் கத்தினாள்.

"சிங்கிறால்! சிங்கிறால்னு சொன்னீங்க! என்னன்னு எனக்குத் தெரியலங்க, ஆனா சிங்கிறால்!"

ரேடியோவில் பல குரல்கள் ஒரே நேரத்தில் வெடித்தன. நிலையத்தில் இருந்தவர்கள் எல்லாரும் அறைக்குள் வந்துவிட்டார்கள் போல. யாரோ கை தட்டினார்கள். "கேட்டிட்டா! உடன சொல்லிட்டா!" என்று அந்த இளைஞனின் குரல். நவமணி கைப்பேசியிலும் திரும்பி வந்தாள்.

"தினேஸ்வரி, அது கடலில பிடிக்கிற பெரிய இறால். உங்கட ஊரில வேற பேராக்கும். எங்கட ஆக்கள் எல்லாருக்கும் இண்டைக்கு இதுதான் கதை! சரி, வாழ்த்துச் சொல்லத்தானே எடுப்பாங்க, நீங்க ஆருக்குச் சொல்லப் போறீங்க?"

தினேஸ்வரி யோசிக்கவில்லை.

"ஹுத்தான் மெலிந்தாங் உடையப்பன் அண்ணனுக்கு" என்றாள். "நான் மட்டக்களப்பு கேட்டேன்னு சொன்னப்ப நம்பாதவரு. ஆனா எங்க எல்லாருக்கும் முன்னாடியே கடலுக்கு எதுக்க ஏரியல் போட்டு, ரேடியோ கேக்கற ஆசைய வளர்த்துவிட்டவரு. அவரு நல்லா இருக்கணும். அவருக்கு ஒரு பாட்டுப் போடுங்க."

ஹுத்தான் மெலிந்தாங்கில் நடந்ததைப் பிறகு உடையப்பனே எல்லாருக்கும் சொன்னார். திருப்பினால் ஒடிந்துவிடும் என்று சொல்லிவிட்டு அவரால் சும்மா உட்கார முடியவில்லை. ஒருவேளை அந்தப் பெண் சொல்வது உண்மையாக இருந்தால்? இவ்வளவு வருடமாகக் கடலைப் பார்த்துக்கொண்டு ஒரே பக்கமே காதை வைத்துவிட்டோமோ? இன்ஜின் எண்ணெயையும் பெரிய ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு பட்டறைக் கூரைமேல் ஏறினார். துருப்பிடித்த நட்டில் எண்ணெய் ஊற்றி, ஸ்பேனரின் முனையில் சுத்தியலால் அடித்தார். நட்டு கிறீச்சென்று அசைந்தது. கம்பத்தைத் தோள் கொடுத்துத் தள்ளித் திருப்பினார். கீழே பட்டறையில் முழுச் சத்தத்தில் வைத்திருந்த ரேடியோவில் டங்டுட் அடங்கியது. இரைச்சல். பிறகு நொறுங்கி நொறுங்கி ஒரு பெண் குரல்: "...தெரியலங்க, ஆனா சிங்கிறால்!"

அது தினேஸ்வரியின் குரல். அந்தக் குரலை அவர் குழுவில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறார். அது பூசிங்கிலிருந்து மட்டக்களப்புக்குப் போய், அங்கிருந்து கடல் தாண்டி அவருடைய பட்டறைக்குள் வந்து விழுந்துகொண்டிருந்தது. அவர் கூரையில் உட்கார்ந்துவிட்டார். அடுத்து அவருடைய பெயரையே கேட்டார். உடையப்பன். ஹுத்தான் மெலிந்தாங். கைலியில் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது; அவர் துடைக்கவில்லை.

தொட்டி மேட்டில் பாட்டு ஓடத் தொடங்கியபோது ஷாஃபியின் கைப்பேசி அடித்தது.

"அவகிட்ட குடு! குடுலா!" என்று உடையப்பன் கத்துவது எல்லாருக்கும் கேட்டது.

ஷாஃபி ஒலிபெருக்கியில் போட்டான்.

"தங்கச்சி! கேட்டேன்மா! உன் குரல என் ரேடியோவுல கேட்டேன்! என் பேரச் சொன்ன!" அவருக்கு மூச்சு இரைத்தது. "இப்ப பாட்டு ஓடுதா அங்க? இரு, இரு, எனக்கும் ஓடுது. தபலா வருதா? இப்ப புல்லாங்குழல்?"

"ஆமாண்ணே, புல்லாங்குழல்."

"அதேதான். அதேதான்லா!" அவர் போனைக் கீழே ரேடியோ இருந்த பக்கம் நீட்டினார். இரண்டு ரேடியோவிலும் ஒரே பாட்டு, ஒரு சிறு பிசகுகூட இல்லாமல். "தங்கச்சி, நான் உன்ன ரொம்பக் கிண்டல் பண்ணிட்டேன்."

"பரவால்லண்ணே."

"பரவால்ல இல்ல. எல்லார் முன்னாடியும் பண்ணேன், எல்லார் முன்னாடியும் சொல்றேன்." சொன்னபடியே செய்தார். தன் ரேடியோவில் விழுந்த பாட்டைப் பதிந்து குழுவில் போட்டு, அதோடு ஒரு குரல்பதிவும் அனுப்பினார். "ஈப்போ குழி இல்ல. நான்தான் குழிக்குள்ள இருந்திருக்கேன். மட்டக்களப்பு முதல்ல பிடிச்சது தினேஸ்வரி. யாருக்காச்சும் சந்தேகம்னா என்கிட்ட வரட்டும்."

தினேஸ்வரியும் தன் ரேடியோவில் ஓடிய பாட்டைப் பதிந்து போட்டாள். விமலா கொஞ்சம் தாமதித்தே எழுதினாள். இரண்டு ஊரின் பதிவுகளையும் அருகருகே வைத்துக் கேட்டுப் பார்த்திருக்கிறாள். "ரெண்டும் ஒரே நேரம். சந்தேகமே இல்ல. அக்கா, நம்ம குழுவுல இதுக்கு முன்னாடி யாரும் இவ்வளவு தூரம் பிடிச்சதில்ல." பிறகு இன்னொரு வரி: "நான் ஓவர்டைமுக்கு வந்த இடத்துல, தொழிற்சாலை கார் பார்க்குல நின்னு தனியா கத்திக்கிட்டு இருக்கேன். எல்லாரும் பார்க்குறாங்க."

மாயாண்டி பாட்டு முடியும்வரை நின்றுகொண்டே கேட்டார். முடிந்ததும், "என் மகளக் கூட்டிட்டு வந்திருக்கலாம்" என்று வருத்தப்பட்டார். பிறகு அவளுக்கே போன் போட்டு ரேடியோவுக்கு முன்னால் பிடித்தார். ஷாஃபியின் தம்பி கடையிலிருந்து மூன்றாவது முறையாகக் கூப்பிட்டான். ஷாஃபி எடுத்து, "இன்னிக்கு நீயே பார்த்துக்க, நான் சிலோன்ல இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வைத்தான்.

வாவிக்கரை நிலையம் நண்பகல் தாண்டும்வரை நின்றது. செய்தி வந்தது, உப்புக்கருவாட்டுக் கடை விளம்பரம் வந்தது, இடையிடையே நவமணி "மலேசியாவில கேட்டுக்கொண்டிருக்கிற எங்கட தினேஸ்வரிக்கும் வணக்கம்" என்றாள். ஒவ்வொரு முறையும் தினேஸ்வரி ரேடியோவைப் பார்த்துத் தலையசைத்தாள். பிறகு இரைச்சல் மெல்ல ஏறி, குரல் கரைந்தது. யாரும் வருத்தப்படவில்லை. வெயிலில் முகம் கன்றி, கம்பம் தூக்கிய கை வலிக்க, அவள் வேனின் படியில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தாள். தேவனைக் கூப்பிட்டு, "உங்க அரம் மட்டக்களப்பு வரைக்கும் போயிருக்கு" என்றாள். அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவனும் கத்தினான்.

மாலையில் நவமணி அவளைத் திருப்பி அழைத்தாள். அங்கேயும் ஊரே அதைப் பற்றித்தான் பேசுகிறதாம். கல்லடியில் மலாய்ப் பாட்டு விழுகிறது என்று முறையிட்டவர்கள் இப்போது அதே பாட்டைத் தேடி ஏரியல் கட்டத் தொடங்கிவிட்டார்கள். அடுத்த ஞாயிறு அவர்கள் தங்கள் நிலையத்துக்கு முதுகைக் காட்டிவிட்டு, கிழக்கே ஈப்போவைத் தேடப் போகிறார்கள். இரண்டு கரையிலும் ஒரே எண். எது உள்ளூர், எது தூரம் என்று ஒப்பிட்டுப் பார்ப்போமா என்று கேட்டாள்.

"பார்ப்போம்ங்க" என்றாள் தினேஸ்வரி.

அதைக் குழுவில் சொன்னாள். செய்திகள் குவிந்தன. கோலா கங்சாரிலிருந்துகூட, வெகுநாளாக வாய் திறக்காத ஒருவர், எனக்கும் இடம் உண்டா என்று கேட்டார். கடைசியில் உடையப்பனின் குரல்பதிவு. பின்னால் கடல் இரைவதும் ஸ்பேனர் உரசுவதும் கேட்டன.

"தங்கச்சி, நட்டு இன்னும் இறுக்கல. கூரைமேலதான் நிக்கிறேன். எந்தப் பக்கம் வைக்கணும்னு சொல்லு, அங்கயே முடுக்கிடுறேன்."

"மேற்க பார்த்து வைங்கண்ணே. அங்க இருந்து கொஞ்சம் வடக்க."

"இவ்வளவா?"

"எனக்கு எப்படிண்ணே தெரியும்? வீடியோ போடுங்க!"

அவர் வீடியோ அழைப்பு போட்டார். தினேஸ்வரி தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு கையை உயர்த்திக் காட்ட, ஹுத்தான் மெலிந்தாங்கில் கூரைமேல் நின்ற மனிதர் அந்தக் கையைப் பார்த்துப் பார்த்துக் கம்பத்தைத் திருப்பினார்.